ஜூன் முப்பத்தொன்று

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது, மேடம். நான்கு காலும் ஒரே உயரம். எங்கள் அலுவலகத்தில் வருகிறவர்களுக்கென்று போட்டிருந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. உட்கார்ந்தவர் டீயைக் கையில் எடுத்தால் ஒரு பக்கம் சாய்வார், கீழே வைத்தால் மறுபக்கம் சாய்வார். எட்டு வருடத்தில் அதைச் சரிசெய்ய ஒருவருக்கும் நேரம் வாய்க்கவில்லை. கடைசியில் நான்தான் சரிசெய்தேன். அதையும் சொல்கிறேன், வரிசையாக வருகிறேன்.

முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள். என்னை யாரும் மிரட்டவில்லை. டீ கொடுத்தீர்கள், பிஸ்கட் கொடுத்தீர்கள், மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தீர்கள். நான் சந்தோஷமாகத்தான் பேசுகிறேன். இந்தக் கதையை முழுதாக யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு எத்தனை நாள் ஆசை தெரியுமா? தங்கையிடம் ஆரம்பித்தால் பாதியில் அவள் குழந்தை அழும். அம்மாவிடம் ஆரம்பித்தால், "அவருக்கு என்ன வேலை, சொந்த வீடா வாடகையா" என்று அவள் ஆரம்பித்துவிடுவாள். நீங்கள் குறுக்கே பேசாமல் கேட்கிறீர்கள். அதற்கே நன்றி சொல்ல வேண்டும்.

உங்களுக்கு முன்னால் வந்த இரண்டு பேரும் "எவ்வளவு எடுத்தே" என்பதையே திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். ஒரு பைசா எடுக்கவில்லை என்றேன். அவர்கள் முகம் தொங்கிப் போய்விட்டது. நீங்கள்தான் முதல்முறையாக "ஏன்" என்று கேட்டீர்கள்.

எங்கள் தொண்டு நிறுவனம் டயர் கடை மாடியில் இரண்டு அறை. எங்களுக்கு இருந்தது ஒரே வேலை, ஒரே வேன். சிறுநீரகம் பழுதான பத்தொன்பது பேரை வீட்டு வாசலில் ஏற்றி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், டயாலிசிஸ் முடிந்ததும் மறுபடி வாசலில் இறக்கிவிட வேண்டும். திங்கள், வியாழன் பத்துப் பேர். செவ்வாய், வெள்ளி ஒன்பது பேர். ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். ஆனால் அங்கே போய்ச் சேருவதற்கு இரண்டு பஸ் மாறி, ஒரு மேடும் ஏற வேண்டும். பத்துப் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவர்களுக்கு அந்த மேடு மலை மாதிரி. அந்த மேட்டுக்கும் மனிதர்களுக்கும் நடுவில் எங்கள் வேன்தான் இருந்தது.

நிறுவனத்தைத் தொடங்கியவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். வேனை ஓட்டியவர் டிரைவர் அண்ணன். மூன்றாவது ஆள் நான். அறிக்கை எழுதுவது, பதிவேட்டில் கையெழுத்து வாங்குவது, நிதி தருகிற உங்கள் துறைக்குக் கடிதம் போடுவது எல்லாம் என் பொறுப்பு. அரசு நிதியில் ஓடுகிற வண்டி என்பதால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அறிக்கை அனுப்ப வேண்டும். அறிக்கை சரியாக இருந்தால் அடுத்த தவணை வரும். அதில் சந்தேகம் வந்தால், தெளியும் வரை தவணை நிற்கும். நல்ல விதி, மேடம். ஊரார் கொடுத்த பணம், கேள்வி கேட்டுத்தான் ஆக வேண்டும். உங்கள் துறையின் விதிப் புத்தகத்தை எங்கள் வட்டாரத்தில் அட்டை முதல் அட்டை வரை படித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மற்ற நிறுவனத்துக்காரர்கள் என்னிடம் வந்து கேட்டுக்கொண்டு போவார்கள்.

ஏழு வருடம் என் அறிக்கையில் ஒரு புள்ளிகூடத் தவறியதில்லை. அந்த ஏழு வருடத்தில் எங்கள் படியேறித் துறையிலிருந்து ஒருவரும் வந்ததும் இல்லை.

போன வருடம் ஜூலையில் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக ஒரு தப்பு நடந்தது. மே மாதத்துப் பயணப் பட்டியலை அப்படியே இழுத்து ஜூனுக்கு ஒட்டியிருக்கிறேன். ஜூன் முப்பதோடு நிற்க வேண்டியது முப்பத்தொன்றுக்கும் போய்விட்டது. பத்துப் பேர் ஏறியிருக்கிறார்கள், பத்துப் பேர் இறங்கியிருக்கிறார்கள், நாற்பத்திரண்டு கிலோமீட்டர்.

ஒரு வாரம் கழித்து அவர் வந்தார். துறையின் சரிபார்ப்பு அதிகாரி. கையில் ஒரு கோப்பு, சட்டைப் பையில் பச்சை மைப் பேனா, காதுப் பக்கம் மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டியிருந்தார். டயர் கடையின் ரப்பர் வாசனைக்குத் தும்மிக்கொண்டே படியேறி வந்து, அந்தக் குட்டைக்கால் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பக்கம் சாய்ந்தபடியே கேட்டார்.

"ஒரே ஒரு கேள்விதாங்க. ஜூன் முப்பத்தொண்ணாம் தேதி உங்க வேன் எங்க போச்சு?"

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. வெட்கத்தில் என் வாயில் என்ன வருகிறது என்றே தெரியாமல் சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு ரோடு ரொம்பக் காலியா இருந்துச்சு சார்."

சிரித்தார், மேடம். அதிகாரிகள் சிரிப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சிரிக்கும்போது நாற்காலி மறுபக்கம் சாய்ந்தது, டீ கோப்பின் மேல் சிந்தியது, நான் துணி எடுத்துக்கொண்டு ஓடினேன். துடைத்து முடிப்பதற்குள் எனக்கு முப்பத்தேழு வயது என்பது மறந்துபோய்விட்டது. அந்த வரியை அடித்து, ஓரத்தில் பச்சை மையில் சின்னக் கையெழுத்துப் போட்டு, "இனிமே காலண்டரை ஒரு தடவை பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சர்க்கரை குறைவாகக் குடிப்பார் என்பதையும் அன்றே தெரிந்துகொண்டேன். அரைக்கரண்டி.

அன்று மாலை வீட்டுக்கு நடந்துதான் போனேன். கால் தரையில் பாவினால்தானே பஸ் ஏற. தங்கைக்கு ஃபோன் போட்டேன்.

"அக்கா, உன் குரலே வேற மாதிரி இருக்கே. யாரு?"

"யாரும் இல்லடி. ஆபீஸ்ல ஒரு தப்பு நடந்துடுச்சு."

"தப்பு நடந்ததுக்கா இப்படிச் சிரிக்கிற? நல்ல தப்பாத்தான் இருக்கணும்."

அடுத்த அறிக்கையில் ஒரு தப்பும் இல்லை. தவணை வந்தது. அவர் வரவில்லை. சரியாக இருப்பதற்கு என்ன பலன் என்று வாழ்க்கையில் முதல்தடவையாக யோசித்தேன்.

அதனால் ஜனவரி அறிக்கையில் எழுபது வயதுக்காரர் ஒருவரின் வயதை ஏழு என்று போட்டேன். வந்தார். "இந்த ஏழு வயசுப் பையனுக்கு மூணு பேரன் இருக்காங்கன்னு எழுதியிருக்கீங்க" என்றார். அன்று நாங்கள் சிரித்த சிரிப்பில் கீழே டயர் கடைக்காரர் மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டு நாளில் தவணை வந்துவிட்டது. யாருக்கு என்ன நஷ்டம்? வேன் ஓடியது, நோயாளிகள் போனார்கள், வந்தார்கள். நான் மட்டும் பத்து நாள் பாட்டுப் பாடிக்கொண்டு அறிக்கை எழுதினேன்.

இதெல்லாம் ஒருவருக்கும் தெரியாமல் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். தையலம்மாவுக்குத் தெரியும்.

தையலம்மா திங்கள், வியாழன் வண்டியில் வருகிறவர். ஐம்பத்தைந்து வயது. வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் ஏதாவது துணியை வைத்து விளிம்பு தைத்துக்கொண்டே வருவார். கையெழுத்து வாங்குவதற்காகத் திங்கட்கிழமைகளில் நானும் வேனில் போவேன். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"என்னடி, பச்சை மைக்காரரு வந்துட்டுப் போனாரா? மூஞ்சி பல்பு மாதிரி எரியுது."

"சும்மா இருங்கம்மா. செக்கிங்குக்கு வந்தாரு."

"எதைச் செக் பண்ணினாரு? உன் கன்னத்தையா?"

வேன் முழுக்கச் சிரிப்பு. முன் சீட்டில் இருந்த அச்சகத்துத் தாத்தா திரும்பிப் பார்த்து, "அந்த ஆளுக்கு என்னை ஏழு வயசுன்னு காட்டினது நீதானே? ஒரு மிட்டாயாவது வாங்கிக் குடு" என்றார். டிரைவர் அண்ணன் ஹாரனை வேறு இரண்டு தடவை அடித்தார். நோயாளிகள் போகிற வண்டி மாதிரியே இருக்காது. உல்லாசப் பயணம் போகிற வண்டி மாதிரி இருக்கும்.

"தப்புப் பண்ணினாத்தான் வர்றாரும்மா. சரியா எழுதினா வர மாட்டேங்குறாரு" என்று தையலம்மாவிடம் ரகசியமாகச் சொன்னேன்.

ஊசியில் நூல் கோத்துக்கொண்டே அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "அப்போ பண்ணிட்டுப் போயேன். ஆசை வெட்கம் அறியாதும்பாங்க. உனக்கு இப்போதான் ஆசையே வந்திருக்கு."

இதை அடிக்கோடு போட்டு எழுதிக்கொள்ளுங்கள், மேடம். அவரே சொன்னது. ஒரு நீலத் துணியை எடுத்து வந்து, நான் வேண்டாம் என்றாலும் கேட்காமல், ஓடுகிற வேனிலேயே எனக்கு அளவெடுத்தார். "அந்த மனுஷன் உன்னைக் கோப்புக்குப் பின்னாடியே பாத்திருக்காரு. ஒரு தடவை நல்லாப் பாக்கட்டும்" என்றார்.

ஏப்ரல் அறிக்கையில் ஒரே நபர் ஒரே நேரத்தில் வேனிலும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் இருப்பது மாதிரி எழுதினேன். அதற்காக இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் அவர் வரவில்லை. ஜலதோஷம் பிடித்த குரலில் ஒரு பெண் ஃபோனில் பேசினாள். "புது சுற்றறிக்கை வந்திருக்கு மேடம். சின்னச் சின்னத் தப்பெல்லாம் இனிமே ஃபோன்லயே முடிச்சுக்குவோம். பெரிய சந்தேகம்னாதான் அதிகாரி நேர்ல வருவாரு." மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டாள். நான் அவருக்காக வாங்கி வைத்திருந்த பிஸ்கட்டை அன்று நானே தின்றேன்.

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்க மாட்டேன். நான் செய்ததைச் சொல்கிறேன். சுற்றறிக்கையே வழி சொல்லிவிட்டதே. பெரிய சந்தேகம்.

இந்த வருடம் ஜூலை அறிக்கையில் நோயாளிகள் இருபத்துமூன்று பேர் என்று எழுதினேன். கூடுதல் நான்கு பேருக்கு என்னோடு பள்ளியில் படித்தவர்களின் பெயர். ஒருத்தி ஓட்டப் பந்தயத்தில் கப் வாங்கியவள். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டதாக எழுதும்போது கொஞ்சம் சிரிப்பு வந்தது. நான்கு பேனாவால் நான்கு விதமாகக் கையெழுத்துப் போட்டேன். தவணை நிற்கும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். விதிப் புத்தகத்தைப் படித்தவள் என்று முன்பே சொன்னேன்.

ஜூலை பதினொன்றாம் தேதி வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. நாற்காலி சாய்ந்தபோதும் சிரிக்கவில்லை. நான்கு விலாசத்துக்கும் போய்ப் பார்த்துவிட்டு, வியர்த்துப் போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"இது சின்னத் தப்பு இல்லைங்க. அப்படி யாருமே அங்க இல்லை. என்ன ஆச்சு?"

"காத்திருக்கிறவங்க பட்டியல் ஒண்ணு இருந்துச்சு சார். அது கலந்துடுச்சு போல."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வைக்காகவே இன்னும் நான்கு பேரைச் சேர்த்திருக்கலாம். பிறகு மெதுவாகப் பேசினார்.

"அப்படின்னா அதையே ஒரு கடிதமா எழுதி, டீச்சர் கையெழுத்தோட அனுப்புங்க. வந்த மறுநாள் தவணையை விட்டுடுறேன். உங்க வேன் நிக்கறதை நான் விரும்பலை. ஆனா கடிதம் வர்ற வரைக்கும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை நான் நேர்ல வந்து பாக்கணும். விதி அப்படி."

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, மேடம். கரும்பு தின்னக் கூலியா கேட்பது?

மறுநாளே கடிதத்தை டைப் செய்தேன். ஜூலை பன்னிரண்டு. டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்துக் கையெழுத்துப் போட்டார். "உடனே போட்டுடு கண்ணு. டீசல் பங்க்காரர் ஒரு வாரம்தான் கடன் தருவாராம்" என்றார். போட்டுவிடுகிறேன் டீச்சர் என்றேன். போடத்தான் எழுந்தேன். வாசலுக்குப் போகும் வழியில் அந்த நாற்காலி கண்ணில் பட்டது. இரண்டு வாரத்தில் அவர் வந்து உட்காரப் போகிற நாற்காலி. வருகிறபோதெல்லாம் பாவம், சாய்ந்து சாய்ந்து உட்காருகிறார். உறையை நான்காக மடித்துக் குட்டைக் காலுக்கு அடியில் வைத்தேன். அளவெடுத்துச் செய்தது போல் பொருந்தியது.

கிழித்துப் போடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் எடுத்து அனுப்பியிருக்கலாம். அந்த எண்ணம்தான் எனக்கு நிம்மதியாக இருந்தது.

பங்க்காரர் கடன் ஒரு வாரத்தில் முடிந்தது. டிரைவர் அண்ணன் தன் மனைவியின் நகையை வைத்து இன்னும் இரண்டு வாரம் ஓட்டினார். அதற்கு மேல் அவராலும் முடியவில்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் வேன் டயர் கடைக்குப் பக்கத்தில் நின்றது. பத்தொன்பது பேரும் பஸ்ஸில் போக ஆரம்பித்தார்கள். முடிந்தவர்கள் போனார்கள். முடியாதவர்கள் ஒரு முறை விட்டார்கள், பிறகு இரண்டு முறை விட்டார்கள். டீச்சர் நாள்தோறும் துறைக்கு ஃபோன் போடுவார். ஜலதோஷக்காரப் பெண் எடுத்து, "கடிதம் இன்னும் வரலையே மேடம்" என்பாள். டீச்சர் என்னைப் பார்ப்பார். "தபால்காரங்க இந்தக் காலத்துல எங்க ஒழுங்கா வேலை பாக்கிறாங்க டீச்சர், இன்னொரு காப்பி அனுப்பறேன்" என்பேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். எனக்குத் தபாலாபீஸ் கோணல்.

ஆனால் அந்தப் பன்னிரண்டு வாரம் எப்படிப் போனது என்று கேட்டால் பறந்தது என்றுதான் சொல்வேன். அவர் ஏழு தடவை வந்தார். இரண்டாவது தடவை உட்கார்ந்ததும், "அட, ஆடலையே" என்றார். அதற்குமேல் குனிந்து பார்க்கவில்லை. மூன்றாவது தடவை தன் கண்ணாடி நூலை மாற்றியிருந்தார். எனக்காக என்று உடனே புரிந்தது. நான்காவது தடவை பேசிக்கொண்டிருக்கும்போது ஃபோன் வந்தது. "ஆமாம்மா, பாப்பாவுக்கு ஃபீஸ் கட்டிட்டேன். சாயங்காலம் சீக்கிரம் வந்துடறேன்" என்றார். அம்மாவிடம் எவ்வளவு பணிவாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பாப்பா யாராவது அக்கா மகளாக இருக்கும். தாய்மாமன்தானே செய்ய வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் ஒன்றையே கேட்டார். "கடிதம் என்னங்க ஆச்சு? ஒரு பக்கக் கடிதம்தானே?" கேட்கக் கேட்க அவர் குரல் தாழ்ந்துகொண்டே வந்தது. ஐந்தாவது தடவை ஏறக்குறையக் கெஞ்சினார். என்னிடம் ஒரு ஆண் கெஞ்சுவான் என்று என் அம்மா ஜாதகத்தில்கூடப் பார்த்ததில்லை.

அச்சகத்துத் தாத்தா ஆகஸ்ட் இருபத்தாறாம் தேதி இறந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி, மேட்டில் பாதி ஏறி, ஒரு கடைப்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எழுபத்தொரு வயது. வயதாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

தையலம்மா மூன்று வாரம் பஸ்ஸில் போனார். பிறகு கால் வீங்கிவிட்டது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். நான் அப்படியொன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை. வாரத்துக்கு ஒரு தடவையாவது போனேன். சுவரோரம் தலையணையில் சாய்ந்து, மடியில் அந்த நீலத் துணியை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். விரல்கள் வீங்கி, ஊசி பிடிக்கவில்லை. பத்துத் தையல் போடுவார், கண்ணை மூடிக்கொள்வார்.

"கடிதம் போட்டியாடி?"

"போட்டாச்சும்மா."

"அவரு என்ன சொன்னாரு?"

"வந்துடும்னு சொன்னாரும்மா."

"அதைக் கேக்கலை." கண்ணைத் திறந்து சிரித்தார். "உன்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

எத்தனை நல்ல மனசு பாருங்கள். மூச்சு வாங்குகிற நேரத்திலும் என் கவலைதான் அவருக்கு. நான் எழுந்து வரும்போது, "இடுப்புல ரெண்டு விரற்கடை உள்ள தள்ளியிருக்கேன். சரியாச் சாப்பிடுறதில்லையா நீ?" என்றார். நான் தெருமுனையில் நின்று கொஞ்சம் அழுதேன். அன்று நேராக அலுவலகத்துக்குப் போய், நாற்காலியைச் சாய்த்து, உறையை எடுத்துவிட்டேன். உண்மையாகவே எடுத்தேன். தபால் பெட்டி தெருவுக்கு எதிர்ப்புறம்தான். செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். அப்போதுதான் சுவரில் காலண்டர் கண்ணில் பட்டது. அவர் வருவதற்கு மூன்று நாள்தான் இருந்தது. வந்துவிட்டுப் போகட்டும், பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உறை பழைய இடத்துக்கே போய்விட்டது. அவர் வந்தார், போனார். அதற்கடுத்த தடவைக்குப் பதினொரு நாள்தானே இருக்கிறது என்று தோன்றியது.

தையலம்மா செப்டம்பர் முப்பத்தொன்றாம் தேதி விடிகாலையில் போய்விட்டார்.

அக்டோபர் மூன்றாம் தேதி காலையில் அவருடைய மகள் அலுவலகத்துக்கு வந்தாள். கையில் ஒரு பொட்டலம். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அம்மா முடிச்சு வெச்சிருந்தாங்கக்கா. கடைசிப் பட்டன் மட்டும் வைக்க முடியலை. அதை நீங்களே வெச்சுக்கணும்னு சொன்னாங்க."

அவளைக் கட்டிக்கொண்டேன். அவளும் என் தோளில் சாய்ந்து அழுதாள். போகும்போது, "எங்க அம்மாவுக்காக நீங்க எவ்வளவோ அலைஞ்சீங்க" என்றாள். அன்று அவர் வருகிற நாள். பட்டனை வைத்துத் தைத்து, உள்ளறையில் போய் அதை உடுத்திக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தேன். மேடம், தற்பெருமை இல்லை, அவ்வளவு பொருத்தமாக என் உடம்பில் எதுவும் அதற்கு முன் இருந்ததில்லை.

அவர் வந்தார். உடையைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. கவனித்திருப்பார். டீச்சர் உள்ளேயிருந்து வந்து, இரண்டு பேர் போய்விட்டார்கள் என்று அவரிடம் சொன்னார். அவர் நாற்காலியில் தடாலென்று உட்கார்ந்து, முகத்தைக் கைகளில் புதைத்துக் குனிந்தார். குனிந்தபடியே விரலிடுக்கு வழியாகக் கீழே எதையோ பார்த்தார். பிறகு கை மட்டும் கீழே போனது. நாற்காலிக் காலுக்கு அடியில் துருத்திக்கொண்டிருந்த உறையின் மூலையைப் பிடித்து இழுத்தது. நாற்காலி பழையபடி ஒரு பக்கம் சாய்ந்தது.

உறையின் மேல் அவர் துறையின் விலாசம் இருந்தது. பிரித்துப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். நான் எழுதியதை ஒரு ஆண் ஒரே மூச்சில் இரண்டு தடவை படிப்பதை அன்றுதான் பார்த்தேன்.

"இது எப்போ டைப் பண்ணினது?"

"ஜூலை பன்னெண்டு சார். மேலேயே போட்டிருக்கேன் பாருங்க."

டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் பச்சை மைப் பேனாவை எடுத்து, கோப்பைத் திறந்து, தேதியைக் குறித்துக்கொண்டார். அப்புறம்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன்?"

"போட்டிருந்தா நீங்க வந்திருக்க மாட்டீங்களே."

டீயைக் குடிக்காமல் போய்விட்டார். தும்மக்கூட இல்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேனுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார், அதன் மேல் கையை வைத்துக்கொண்டு. மறுநாள் தவணை வந்துவிட்டது. வார்த்தை மாறாத மனிதர்.

ஆமாம், மேடம். கடிதத்தை அனுப்பாமல் வைத்தது நான்தான். வேன் நின்றது என்னால்தான். இரண்டு பேர் செத்தது அதனால்தான். இவ்வளவு நேரம் சுற்றி வளைத்ததற்கு மன்னியுங்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு ஆசையில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

இப்போது நீங்கள் என் முன்னால் வைத்திருக்கும் இந்தக் கோப்பு அவர் தயாரித்ததுதானே? பச்சை மையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நீங்கள் தண்ணீர் குடிக்க எழுந்தபோது புரட்டிப் பார்த்தேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் தப்பு ஒவ்வொன்றையும் தேதி போட்டு வரிசையாக எழுதியிருக்கிறார். ஏழு வயதுப் பையன், வேனிலும் கட்டிலிலும் இருந்தவர், என் பள்ளித் தோழிகள் நான்கு பேர். முதல் வரியில் ஜூன் முப்பத்தொன்று. அன்று ரோடு காலியாக இருந்தது என்று நான் சொன்னதைக்கூட விடவில்லை. என்னைப் பெற்றவளுக்கே என் பிறந்த தேதி சரியாக ஞாபகமில்லை. ஒருத்தியைப் பற்றி இத்தனையையும் ஒரு மனிதர் எதற்காகச் சேர்த்து வைப்பார், நீங்களே சொல்லுங்கள்.

இன்னும் ஒரே ஒரு விஷயம். விதிப் புத்தகம், பதினான்காம் பக்கம். வாக்குமூலத்தில் ஒரு தேதி பிசகினாலும், கோப்பைத் தொடங்கிய அதிகாரியே நேரில் வந்து, சொன்னவரிடமே கேட்டுத் திருத்தி, ஓரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தையலம்மா இறந்த தேதியாக நான் சொன்னதைக் காலண்டரில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். செப்டம்பருக்கு முப்பது நாள்தான்.

அவர் வந்தால் இந்த நாற்காலியையே கொடுங்கள். டீயில் சர்க்கரை அரைக்கரண்டி போதும்.